1 டன் ஏசி போதுமா, 1.5 டன் வேணுமா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

எட்டயபுரம் பக்கம் சித்திரை வெயிலைப் பத்தி சொல்லவே வேண்டாம். பகல் முழுக்கக் காய்ஞ்ச கான்கிரீட் தளம், ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கக்கும். `இந்த வருஷம் ஏசி வாங்கிடலாம்' என்று கடைக்குப் போனால், முதல் கேள்வியே `எத்தனை டன்?'

டன் என்பது ஏசியின் எடை அல்ல. 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்தத் திறன்தான் 1 டன். அதாவது, ரூமிலிருந்து சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுவது. இதற்குச் செலவாகும் மின்சாரம் சுமார் 1 கிலோவாட்தான். ஏனென்றால் ஏசி குளிரை உருவாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கடத்துகிறது.

எப்படிக் கணக்கிடுவது?

ரூமின் நீளத்தை அகலத்தால் பெருக்குங்க. சுமார் 120 சதுர அடி வரை 1 டன், 180 வரை 1.5 டன், அதற்கு மேல் 2 டன். இது தோராயக் கணக்குதான். மேலே மொட்டை மாடி, மேற்கு வெயில் விழும் சுவர், பெரிய ஜன்னல் இருந்தால் அடுத்த அளவை யோசிக்கணும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுவார். நாலு பேர் படுக்கும் ரூம் என்றால் அதையும் சேர்த்துக்கோங்க.

தப்பா வாங்கினா?

சின்னதா வாங்கினால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். 1 கிலோவாட், தினம் 8 மணி நேரம், 60 நாள்... ஏசிக்கு மட்டுமே 480 யூனிட்! நம்ம ஊரில் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டும் கூடும்.

`அப்போ பெருசாவே வாங்கிடலாமே'ன்னா, அதுவும் சிக்கல். ரூம் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, குளிரிலும் பிசுபிசுப்பு போகாது.

முதல்ல மாடியைக் கவனிங்க

தளத்துக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட், ஜன்னலுக்கு கெட்டித் திரை... இதையெல்லாம் செய்துவிட்டுக் கணக்குப் போட்டால் சின்ன ஏசியே போதுமானதாக இருக்கலாம்.

கடையில் ஸ்டார் லேபிளைப் படிங்க. குளிர்விக்கும் திறன் வாட்ஸில் போட்டிருக்கும். `1.5 டன்' என விற்கும் எல்லா மாடலிலும் அந்த எண் ஒன்றாக இருக்காது. ஸ்டாரோடு அதையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்க!