பத்து மதிப்பெண்தானே என்று விடலாமா?

பிளஸ் 2 முடிவு வரும் நாளில் நாம் மொத்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறோம். அது எங்கிருந்தெல்லாம் சேர்ந்தது என்று பார்ப்பதில்லை.

ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். அதில் 10 அகமதிப்பீடு, பள்ளியே போடுவது. செய்முறை இல்லாத பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 90. செய்முறை இருந்தால் எழுத்து 70, செய்முறை 20. ஆக 6 பாடங்களில் 600-க்கு 60 மதிப்பெண், பொதுத்தேர்வு எழுதும் முன்பே நம் பிள்ளைக்குக் கிடைத்தும் இருக்கலாம், போயும் இருக்கலாம்.

வணிகவியலை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் குறைந்தது 25, மொத்தம் 35 இருந்தால் தேர்ச்சி. இருவர் எழுத்தில் 27 எடுக்கிறார்கள். அகமதிப்பீட்டில் 10 வாங்கியவர் 37 பெற்றுத் தேறுகிறார். 5 வாங்கியவர் 32-ல் நின்றுவிடுகிறார். பொறியியல் கட்-ஆஃப் கணக்கிலும் 200-க்கு 20 இதிலிருந்துதான் வருகிறது.

வருகைப்பதிவு, பள்ளித் தேர்வுகள், செயல்திட்டம், இணைச் செயல்பாடுகள் ஆகியவற்றுக்குத்தான் இந்தப் பத்து. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோருடன் போகும் பிள்ளைக்கு முதல் அடி வருகைப்பதிவில் விழுகிறது. 2020-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என மதிப்பெண் போட்டார்கள். எல்லோரும் தேர்ச்சிதான். ஆனால், 'பொதுத்தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்த பிள்ளைகளின் சான்றிதழில் அந்த அரையாண்டு மதிப்பெண்ணே நிலைத்துவிட்டது.

பத்தும் போட்டுத் தூக்கிவிடும் ஆசிரியர்களை நாம் அறிவோம். கேள்வி கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை என்று கை சுருங்குவதையும் பார்த்திருக்கிறோம். விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு எல்லாம் எழுத்துத் தேர்வுக்குத்தான். அகமதிப்பீட்டைப் பிறகு கேட்டுப் பயனில்லை.

அதனால் முன்பே கேட்போம். லீவு போட்டால் கடிதம் கொடுப்போம். செயல்திட்டத்தைக் கொடுத்த நாளைக் குறித்து வைப்போம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பாசிரியரைப் பார்த்து, 'எம்புள்ளைக்கு எத்தனை சார்?' என்று கேட்போம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருக்காரர் இருந்தால் அங்கேயும் பேசட்டும்.

கேட்பது சலுகை அல்ல. பிள்ளை உழைத்த கூலி.