தோட்டத்து முதுமையும் மறதி நோயும்

மறதி நோயைக் கண்டறிய உலகெங்கும் புழங்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மதிப்பெண். இது என்ன பருவம், நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள் என்று கேள்விகள் போகும். மலேசியாவில், மலாக்காவின் தங்கா பத்து வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பால்மரம் வெட்டியே வயதானவருக்கு இந்தத் தாள் பொருந்தாது. வசந்தமும் பனிக்காலமும் இல்லாத ஊர். உளி பிடித்த கைக்குப் பென்சில் புதிது. அறிவு தெளிவாக இருந்தாலும் மதிப்பெண் இறங்கிவிடும்.

வீட்டில் நடப்பது நேர்மாறு. உண்மையான நோயே "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று தள்ளப்படுகிறது. இரண்டில் இதுவே பெரிய கேடு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி நோய்போலவே தோன்றும். அவற்றுக்கு மருந்து உண்டு. சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு பி12 குறைவது அறியப்பட்ட விஷயம்.

பள்ளிப்படிப்பு குறைந்தவர்களுக்கென வேறு வழிகள் பிறந்துள்ளன. 1998-இல் தொடங்கிய 10/66 ஆய்வுக் குழு, நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் வளரும் நாடுகளுக்கு ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை என்பதைத் தன் பெயரிலேயே சொன்னது. சென்னையிலும் வேலூரிலும் அது தமிழ் முதியோரிடையே களப்பணி செய்தது. முதியவரை மட்டுமன்றி உடன் வாழ்பவரையும் விசாரிப்பது அதன் முறை. பல இனத்தவர் வாழும் சிட்னியில் 2004-இல் வெளியான ருடாஸ் சோதனை, தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்ற கடைச் சாமான் பட்டியலை நினைவில் வைக்கச் சொல்கிறது. சமிக்ஞை விளக்கு இல்லாத சாலையை எப்படிப் பாதுகாப்பாகக் கடப்பீர்கள் என்று கேட்கிறது. தோட்டத்துப் பாட்டியும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்.

ஆனால் படிப்பின்மை சோதனையை மட்டும் கெடுப்பதில்லை. நோய்க்கே அது ஒரு காரணம். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட 14 காரணங்களில் அதுவும் ஒன்று. அவை அத்தனையையும் சரிசெய்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. போன படிப்பு திரும்பாது. கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், காது மந்தம், சர்க்கரை ஆகியவற்றை இன்றும் பிடிக்கலாம். மலேசியாவின் 2019 சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருந்தது, இந்தியரிடையே 31.4. மறதி நோய்த் தடுப்பைத் தமிழரிடம் பேச வேண்டிய முதல் இடம் சர்க்கரை கிளினிக்தான்.

பராமரிப்பில் மொழி முன்னே வருகிறது. பின்னாளில் கற்ற மலாயும் ஆங்கிலமும் பலருக்கு முதலில் நழுவும், தாய்மொழி தங்கும். தமிழ் பேச ஆளில்லாத முதியோர் இல்லத்தில் வலியைக்கூடச் சொல்ல முடியாமல் போகும். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து கதவைத் திறக்கும் முன்னாள் பால்வெட்டாளர் ஓடிப்போகப் பார்ப்பதில்லை, வேலைக்குக் கிளம்புகிறார். அவரைக் கட்டிப்போடுவதைவிட ஒரு கோப்பை தேநீர் கொடுத்து உட்கார வைப்பது பலிக்கும். இதை ஊகிக்கத் தோட்ட வாழ்க்கை தெரிந்த பராமரிப்பாளர் வேண்டும்.

சந்தேகம் எழுந்தால் மகனோ மருமகளோ உடன் செல்வது நல்லது. கடந்த ஆறு மாதத்தில் மாறியவற்றை, அதாவது காசு எண்ணுவதில் தடுமாற்றம், பழகிய பாதையில் வழி தவறியது, அடுப்பை அணைக்க மறந்தது முதலியவற்றை, எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் கொடுங்கள். எத்தனை வகுப்புப் படித்தார் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.