வீட்டுக்குப் பின்னால் ஒரு கடைசல் பட்டறை

மோர் கடையும் மத்து, பிள்ளைகள் சுற்றும் பம்பரம், கட்டில் கால், தொட்டில் கம்பு. இவை எல்லாம் கடைசல் பிடித்துச் செய்பவை. மரம் சுற்றும். அதில் உளியை வைத்தால் மரம் உருண்டு திரண்டு வரும். இதுதான் கடைசல் தொழில்.

சேலத்தில் இருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது, அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை அளவு இடம் இருந்தால் போதும். நாலு பிள்ளைகளுக்குக் கடைசல் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் எந்திரம் வாங்கி வைத்ததும் பட்டறை ஆகிவிடாது!

அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்து மரத்தைச் சுற்றுவார். மற்றவர் உளி பிடிப்பார். நெல்லை மாவட்டம் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும், கர்நாடகத்தில் உள்ள சென்னப்பட்டணத்துப் பொம்மைகளும் கடைசலில் பிறந்தவைதான். சுற்றுகிற மரத்தில் வண்ண அரக்கை அழுத்துவார்கள். சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். பிறகு தாழை மடலால் தேய்ப்பார்கள். பளபளப்பு வந்துவிடும்.

இப்போது மோட்டார் வந்துவிட்டது. வீட்டுப் பட்டறைக்கு அரை முதல் ஒரு குதிரைசக்தி மோட்டார் போதும். மரம் சுற்றும் உயரம், கற்பவரின் முழங்கை உயரத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். குள்ளமான பையனுக்குக் காலடியில் பலகை போடவேண்டும். குனிந்து நின்றாலும் எட்டி நின்றாலும் உளி பிடி நழுவும்.

கண் பத்திரம்!

ஒரு எந்திரத்தில் ஒரு மாணவர்தான் நிற்கவேண்டும். மற்றவர்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கலாம். எதிரே நிற்கக் கூடாது. மரம் பிளந்து தெறித்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். எனவே முகம் முழுவதையும் மூடும் கண்ணாடித்தடுப்பு அவசியம். எந்திரத்தை நிறுத்தும் சுவிட்ச், ஆசிரியரின் கைக்கு எட்டவேண்டும்.

தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, வளையல், கையுறை எதுவும் கூடாது. நூல் சிக்கினாலும் கையை இழுத்துவிடும். பெண் பிள்ளைகளும் தாராளமாகக் கற்கலாம். பின்னலை முடிந்து கட்டிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

தூளையும் அலட்சியம் செய்யக்கூடாது. மரத்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் புற்றுநோய் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ம் ஆண்டிலேயே அறிவித்தது. காற்றோட்டம் வேண்டும். மூக்குக்கு முகமூடி வேண்டும்.

முதல் பாடம்

முதல் நாள் மோட்டாரைப் போடவே வேண்டாம். மரத்தைக் கையால் சுற்றவேண்டும். உளியின் சரிவான பக்கம் முதலில் மரத்தில் உரசவேண்டும். பிறகு பிடியை மெல்லத் தூக்கினால் முனை வெட்டத் தொடங்கும். முனையை நேராகக் குத்தினால் உளி மாட்டிக்கொள்ளும். இதைக் கை பழகியபிறகுதான் மின்சாரம். அதுவும் மெதுவான வேகத்தில். மரம் பருமனாக ஆக, வேகம் குறையவேண்டும்.

உளியைச் சாணை பிடிக்கவும் அப்போதே சொல்லிக்கொடுக்கவேண்டும். மழுங்கிய உளியை அழுத்திப் பிடிப்பதால்தான் பல விபத்துகள் நடக்கின்றன.

பழகுவதற்கு வேம்பும் கொய்யாவும் நல்லவை. வெப்பாலை கிடைத்தால் இன்னும் நல்லது. சென்னப்பட்டணத்துக்காரர்கள் விரும்பும் மரம் அது. பச்சை மரம் கடைய இளகிக்கொடுக்கும், காயும்போது வெடிக்கும். அரளி மட்டும் வேண்டவே வேண்டாம். அது நஞ்சு. பொம்மையைக் குழந்தை வாயில் வைக்கும் அல்லவா?

முதலில் செய்யவேண்டிய பொருள், பம்பரம். சின்னது, சீக்கிரம் முடியும். செய்த பிள்ளையே தெருவில் சுற்றிப்பார்க்கலாம். ஆணி நட்ட நடுவில் இறங்கவேண்டும். இல்லாவிட்டால் பம்பரம் தலையாட்டும். பிடுங்கிவிட்டு மறுபடியும் அடிக்கவேண்டியதுதான்.