வரி நிலுவைக்கான ஊதியப் பற்றுகை

வரி நிலுவைக்கான ஊதியப் பற்றுகை என்பது, ஒருவர் செலுத்தத் தவறிய வரியை அவருக்கு ஊதியம் வழங்கும் நிறுவனத்தின் வழியாக அரசு வசூலிக்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இது சம்பள ஜப்தி எனப்படும். மாதந்தோறும் நடைபெறும் மூலத்தில் வரிப் பிடித்தம் (டி.டி.எஸ்.) நடப்பு ஆண்டின் வரிக்கானது, ஊதியப் பற்றுகையோ ஏற்கெனவே நிலுவையான வரிக்கானது. இக்கட்டுரை இந்தியாவில் உள்ள நடைமுறையை விளக்குகிறது.

சட்ட அடிப்படை

வருமான வரிச் சட்டம், 1961 இன் 226(2) ஆம் பிரிவு இதற்கு அடிப்படையாக அமைந்தது. இச்சட்டத்திற்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1 ஐ நடைமுறை நாளாகக் கொண்டு வருமான வரிச் சட்டம், 2025 இயற்றப்பட்டது. இங்கு தரப்படும் பிரிவு எண்கள் 1961 சட்டத்திற்குரியவை.

செயல்முறை

முதலில் வரி செலுத்துபவருக்குக் கேட்பு அறிவிப்பு (பிரிவு 156) அனுப்பப்படும். பொதுவாக 30 நாட்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். தவறினால் மாதத்திற்கு 1 விழுக்காடு வட்டி சேரும். அவர் வரி செலுத்தத் தவறியவராகக் கருதப்படுவார். அதன் பின்னர் வரி மதிப்பீட்டு அலுவலரோ வரி வசூல் அலுவலரோ ஊதியம் வழங்குபவருக்கு ஆணை அனுப்பலாம். இதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. ஆணைக்குப் பின் வழங்கப்படும் ஊதியத்திலிருந்து நிலுவையைப் பிடித்து அரசுக் கணக்கில் செலுத்துவது நிறுவனத்தின் கடமையாகும்.

விலக்குப் பெறும் பகுதி

முழு ஊதியத்தையும் பிடித்துக்கொள்ள இயலாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908 இன் 60 ஆம் பிரிவு பற்றுகையிலிருந்து விலக்களிக்கும் பகுதி, வரி நிலுவைக்கான ஆணையிலிருந்தும் விலக்குப் பெறும். அதன்படி ஊதியத்தின் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் ஊழியருக்கே உரியவை. உடலுழைப்புத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் கூலி முழுவதும் விலக்குப் பெறும்.

எடுத்துக்காட்டாக, பழைய மாமல்லபுரம் சாலையில் திருப்போரூருக்கு வடக்கே உள்ள சிறுசேரியில் மாதம் 61,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவரைக் கொள்வோம். முதல் 1,000 ரூபாயைக் கழித்தால் எஞ்சுவது 60,000. அதில் மூன்றில் இரண்டு பங்கு 40,000. ஆகவே 41,000 ரூபாயைத் தொட இயலாது. பிடிக்கத்தக்கது 20,000 ரூபாய் மட்டுமே.

வங்கிக் கணக்கின் மீதான ஆணை 226(3) ஆம் உட்பிரிவின்கீழ் வருவதாகும். ஊதியத்திற்கான மேற்கண்ட விலக்கு 226(2) இல் கூறப்பட்டுள்ளது. எனவே, அறிவிப்பு எந்த உட்பிரிவின்கீழ் வந்துள்ளது என்பதை முதலில் பார்ப்பது இன்றியமையாதது.

நிறுவனம் வரியைச் செலுத்தாதபோது

சில வேளைகளில் நிறுவனம் ஊதியத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு, அதனை அரசுக்குச் செலுத்தாமல் விட்டுவிடுவதுண்டு. அப்போது அவ்வரி செலுத்தப்பட்டதாக அரசுக் கணக்கில் காட்டப்படாததால், கேட்பு அறிவிப்பு ஊழியருக்கு வருகிறது. ஆனால், பிடிக்கப்பட்ட அளவிற்கு அவ்வரியை ஊழியரிடம் மீண்டும் கேட்கலாகாது என்று 205 ஆம் பிரிவு கூறுகிறது. இத்தகைய கேட்புகளை ஊழியர் மீது வலிந்து செயற்படுத்த வேண்டாம் என மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 சூன் மாதத்திலும், மீண்டும் 2016 மார்ச் மாதத்திலும் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. வரி பிடிக்கப்பட்டதை மெய்ப்பிக்க ஊதியச் சீட்டுகளும், குறைவான தொகை வரவு வைக்கப்பட்டதைக் காட்டும் வங்கி அறிக்கையும் உதவும். வேலை மாறிய பின்னும் இவற்றைப் பாதுகாத்து வைத்தல் நன்று.

தீர்வு வழிகள்

* கேட்பு தவறானதாயின், வருமான வரி இணையதளத்தில் மறுப்பைப் பதிவு செய்யலாம். கணக்குப் பிழை போன்ற வெளிப்படையான தவறுகளைத் திருத்த 154 ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம்.
* தொகை சரியானதாயின், கெடு முடிவதற்குள் கூடுதல் காலமோ தவணை முறையோ கோரலாம் (பிரிவு 220(3)).
* மேல்முறையீடு செய்தவர் வசூலை நிறுத்தி வைக்கக் கோரலாம். 2017 சூலை 31 ஆம் நாளைய வாரியக் குறிப்பாணைப்படி, பொதுவாகச் சிக்கலுக்குரிய தொகையில் 20 விழுக்காடு செலுத்த வேண்டும்.

அறிவிப்பிற்கு விடையளிக்காமல் இருப்பதே பெரும்பாலும் பற்றுகைக்கு இட்டுச் செல்கிறது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவிலும் கூட்டரசு வரித் துறை நீதிமன்ற ஆணையின்றி ஊதியத்தைப் பற்றலாம். அதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு அளிக்க வேண்டும். அங்கு விலக்குத் தொகை, வரி செலுத்துபவரைச் சார்ந்து வாழ்வோரின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். இந்திய முறையில் குடும்பத்தின் அளவு கணக்கில் கொள்ளப்படுவதில்லை.