ஸ்வதேசி உலாவியும் இனாம் குடையும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துச் சானமாவுக் காடு இருக்கிறது. குளிர்காலந்தோறும் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இங்கே வந்து தங்கிக் கேழ்வரகு வயல்களில் புகுகின்றன. ராஜ்ய எல்லை அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. இப்பக்கத்துக் குடியானவர்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளிற் பலர் ஓசூர் ஆலைகளில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். தகப்பனார் பட்டா பார்ப்பதும், மகன் சேமநிதிக் கணக்குப் பார்ப்பதும் இன்று கைபேசியின் மூலமாகவே. அக்கைபேசியில் வலைப் பக்கங்களைத் திறந்து காட்டும் பிரௌசர் என்னும் உலாவி யாருடையது என்று விசாரிப்பவர்களோ மிகச் சிலர்.

பெரும்பாலோர் கையிலிருப்பது குரோம். கூகிள் கம்பெனியார் 2008-இல் வெளியிட்டது. நாம் அதைத் தேடிப் போய் வாங்கவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது முன்கூட்டியே குடியேறி வருகிறது. இம்முறை நியாயமன்று என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்து, ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில உத்தரவுகளை நீக்கியபோதிலும் அபராதத்தை உறுதி செய்தது. ஆகவே இது வெறும் ரசனையைப் பற்றிய விஷயம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

“இனாமாகத்தானே தருகிறான், நமக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கிறார்கள். இக்கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஸ்வதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, எதிரிலிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். பின்னர் இனாமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறினவர்களுக்குக் குடையும் கொடுப்பதாகவும் ஆசை காட்டினர் என்பது நாம் கேட்டு வளர்ந்த சரித்திரம். 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைந்தது. குரோமும் அத்தகைய குடையே. கூகிளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்தால் வருவது; நாம் எதைத் தேடுகிறோம், எங்கே தங்குகிறோம் என்ற செய்தியே அவ்வியாபாரத்தின் சரக்கு. பிற தளங்கள் நம்மைப் பின்தொடர உதவும் மூன்றாந்தரப்புக் குக்கீகளை ஆப்பிளின் சஃபாரி 2020-இலேயே தடுத்துவிட்டது. கூகிளோ அவற்றை நீக்குவதாக அவ்வாண்டே வாக்களித்து, பலமுறை தவணை சொல்லி, 2024-இல் அவ்வாக்கைக் கைவிட்டது.

நமது தேசத்தில் மாற்று உண்டோ? உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ கம்பெனியார் 2023-இல் ‘உலா’ என்னும் தமிழ்ப் பெயருடன் ஓர் உலாவியை வெளியிட்டனர். இந்திய ராஜாங்கம் அவ்வாண்டே அறிவித்த உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் அதற்கு முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் கிடைத்தது. விளம்பரங்களையும் பின்தொடர்வோரையும் அது தடுக்கிறது. வேலைக்கு, சொந்தக் காரியத்துக்கு, குழந்தைகளுக்கு எனத் தனித்தனி அறைகளும் அதில் உண்டு.

“உலாவின் உள்ளே ஓடுவதும் கூகிள் வளர்க்கும் குரோமியம் யந்திரந்தானே, இது எப்படி ஸ்வதேசியாகும்?” என்று நண்பர்கள் ஆட்சேபிக்கிறார்கள். ஆட்சேபம் உண்மையே. ஆயினும் பிள்ளையவர்களின் காலியா, லாவோ என்ற கப்பல்களும் தூத்துக்குடியில் கட்டியவை அல்லவே! ஐரோப்பாவில் கட்டிய கப்பலை வாங்கி நமது கொடியில் ஓட்டினார். யாருக்காக ஓடுகிறது என்பதையே அவர் பார்த்தார். எனினும் சுக்கான் நம் கையிலிருந்தும் யந்திரம் பிறர் கையிலிருப்பது நெடுநாளைக்கு நல்லதன்று. மைக்ரோஸாப்டின் எட்ஜும் 2020 முதல் அதே யந்திரத்தின் மேல் ஓடுகிறது. பயர்பாக்ஸ் ஒன்றே கெக்கோ என்னும் சொந்த யந்திரத்தை விடாமல் வைத்திருக்கிறது. ஆனால் அதன் எஜமானராகிய மொஸில்லாவுக்குப் பெரும்பகுதி வருமானம் வருவதும் கூகிளிடமிருந்தே! ஐபோன் வைத்திருப்பவருக்கு நம் நாட்டில் இந்த யோசனைக்கே இடமில்லை. எந்த உலாவியை ஏற்றினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். அந்த ஐபோனுக்கு உறுப்புகள் செய்வது ஓசூர்ப் பக்கத்து ஆலையில் உழைக்கும் நமது பெண்மக்கள்.

தினசரி உபயோகத்துக்கு நமது அபிப்பிராயம் இது. வேகத்தில் இவற்றுக்குள் சாதாரண ஜனங்கள் உணரத்தக்க பேதம் இல்லை. அளந்து டேட்டா வாங்குபவருக்கு விளம்பரத்தைத் தடுக்கும் உலாவியே லாபம். ஆண்ட்ராய்டில் குரோம் துணை நிரல்களை ஏற்பதில்லை, பயர்பாக்ஸ் ஏற்கிறது, உலாவிலோ தடுப்பு உடன்பிறந்தது. ஆகவே அன்றாடக் காரியங்களுக்கு உலாவையும், அது திறக்க மறுக்கும் பக்கங்களுக்குப் பயர்பாக்ஸையும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்வதேசி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். ஒரு தளம் மெய்யானதென்று சாட்சி சொல்லும் சான்றிதழ்களை வழங்கும் அதிகாரம் பெற்றிருந்த நமது தேசியத் தகவல் மையத்தின் பெயரில், 2014-இல் கூகிள் தளங்களுக்கே பொய்ச் சான்றிதழ்கள் வெளிவந்தன. இந்தியத் தலைமைச் சான்றிதழை விண்டோஸ் நம்பியிருந்தது. பயர்பாக்ஸ் நம்பாததால் தப்பியது. 2023-ஆம் வருஷத்துப் போட்டியோ அத்தலைமைச் சான்றிதழை நம்பவேண்டும் என்பதையே ஒரு நிபந்தனையாக வைத்தது. பரிசளித்த ராஜாங்கம், அச்சான்றிதழ்களின் கணக்கு வழக்கை எவரும் பார்வையிடும்படி வெளியிடுவதே முறை.

சென்னை ஸர்க்காரும் தமது பட்டாத் தளமும் மின்கட்டணத் தளமும் எல்லா உலாவிகளிலும் பழுதின்றித் திறக்கின்றனவா என்று சோதித்து, முடிவை வெளியிடவேண்டும். அதுவரையில் நேயர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கைபேசியின் அமைப்புகளுக்குள் செயலிகள், அதற்குள் இயல்புநிலைச் செயலிகள், அங்கே உலாவி என்றிருக்கும் இடத்தில் குரோமை மாற்ற இரண்டு நிமிஷம் போதும்.