சீட்டு விழுந்தது, க்ஷயம் பயந்தது!
சென்னையில் நடந்த அதிசயப் பரிசோதனை

“எங்க மாமனுக்கு இந்த மருந்துலதானுங்க இருமல் நின்னுது!”

காங்கேயம் சந்தையில் நின்று இரண்டு தடவை இருமிப் பாருங்கள். இப்படி யோசனை சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். ஒருவர் சூரணம் என்பார். இன்னொருவர் மாத்திரை என்பார். மாமனுக்கு இருமல் நின்றது பொய் அல்ல. ஆனால், அது மருந்தால் நின்றதா, தானாகவே நின்றதா?

தென்னந்தோப்புக்காரருக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். புது உரம் வந்தால் பாதித் தோப்புக்குப் போடுவார். மீதியைப் பழையபடி விடுவார். செழிப்பான பக்கத்துக்கே புது உரத்தைப் போட்டால் கணக்குத் தப்பிவிடும். வைத்தியமும் அப்படித்தான். தேறக்கூடிய நோயாளியாகப் பார்த்து டாக்டர் புது மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஆகவே, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவு செய்கிறார்கள்.

உயிரோடு சூதாட்டமா என்று பதற வேண்டாம். எது மேல் என்று எவருக்கும் தெரியாதபோதுதான் சீட்டு. நோயாளி சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகே அது நடக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

வீடா? ஆஸ்பத்திரியா?

க்ஷயரோகம் ஒரு காலத்தில் வீட்டையே காலி செய்த வியாதி. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு, இவை இல்லாமல் குணமாகாது என்று நம்பினார்கள். அதற்கு சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். கூலிக்காரர் படுத்தால் அடுப்பு எரியுமா? படுக்கத் துணிந்தாலும் இடம் ஏது?

1956-ல் சென்னையில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் துவங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கை கோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் முன்னின்று நடத்தினார்.

ஏழை நோயாளிகள் 193 பேர். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். ஓராண்டு சாப்பிட வேண்டும். வீட்டில் இருந்தவர்களைச் சும்மா விட்டுவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள். பலே கெட்டிக்காரர்கள்!

1959-ல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 பேருக்கு. இந்தச் சிறு வித்தியாசம் சீட்டு விழுந்த விதத்தாலும் நேரக்கூடியது. சானடோரியத்தில் சாப்பாடு மேல். அங்கே எடையும் கூடுதலாக ஏறியது. ஆனால் குணமாக்கியது மருந்து!

வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றாதா? அதையும் ஐந்து வருஷம் கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் அதிகமாகப் பரவவில்லை. சானடோரியத்துக்குப் போகுமுன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் தொற்றும் சக்தி குறைகிறது. உலகமெங்கும் வீட்டுச் சிகிச்சை பரவ இந்த ஆராய்ச்சி வழி செய்தது.

நம்பிக்கை பொய்த்த கதையும் உண்டு. 1968-ல் செங்கல்பட்டுப் பகுதியில் பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தார்கள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல்! பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளைக் கடுமையான க்ஷயத்திலிருந்து காப்பதால் அவர்களுக்கு இன்றும் போடுகிறார்கள்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. 2023-ல் ஜார்க்கண்டிலிருந்து ஒரு முடிவு வந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலிய உணவுப் பொருள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டால், புதிதாக நோய் கண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 40 குறைவு!

பனியன் கம்பெனியில் வேலை செய்பவர், ‘பஞ்சுத் தூசி இருமல்தானே’ என்று இருந்துவிடுவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். வழக்கமான க்ஷயத்துக்கு இப்போது ஆறு மாதச் சிகிச்சை. படுக்கை தேவையில்லை.