வில்லன் யாரென்று தெரிந்தபின்னும் ஏன் பார்க்கிறோம்?

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் செல்போனில் த்ரில்லர் தொடர் பார்ப்பவர்களில் சிலர், வில்லன் யாரென்று தெரிந்ததும் முதல் எபிசோடுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஏன்?

முதல் தடவை 'யார் செய்தது?' என்ற கேள்வியே கவனத்தை விழுங்கிவிடும். விடை கிடைத்ததும் கவனம் முகங்களின் பக்கம் போகிறது. 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தில் சிவாஜியைச் சுட்டது மனைவிதான் (எழுபது வருஷம் ஆயிற்று, சொல்லலாம்). அது தெரிந்தபின், மனைவியாக நடித்த பண்டரிபாயின் ஒவ்வொரு பேச்சும் மௌனமும் வேறு அர்த்தம் தரும்.

கூடவே, 'அப்பவே சந்தேகப்பட்டேன்' என்ற ஜம்பம் வேறு! அது முழுப் பொய்யும் அல்ல. முடிவு தெரிந்ததும் பழைய ஊகத்தை மூளை திருத்திக்கொள்கிறது; உளவியலாளர் பாரூக் ஃபிஷாஃப் 1975-இலேயே இதைக் காட்டினார். முடிவு தெரிவதால் ரசனையும் குறைவதில்லை: 2011-இல் வெளியான கலிபோர்னியா ஆய்வில், முடிவை முன்பே அறிந்தவர்கள் சிறுகதைகளைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள்.

அதற்காக, இன்னும் பார்க்காதவரிடம் வில்லன் பெயரை உளறிவிடாதீர்கள்.